துணை வேண்டாத மீன்

“இதைத் தனியா விட்டா என்ன ஆகும்?”

“ஏங்கிடும்.”

“இது?”

“இதுவும் ஏங்கும். குறைஞ்சது ஆறாவது வாங்கணும்.”

“அந்தப் பெருசு? அதோ, வாயைத் திறந்து திறந்து மூடுதே?”

“அது ஏங்காது. ஆனா அதுக்கு உங்க வீட்டு பீரோ அளவுக்குத் தொட்டி வேணும். பீரோ இருக்கா?”

பீரோ இருந்தது. ஆனால் அதில் துணி இருந்தது. சின்னு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.

மீன்கடை ஒரு ரயில் பெட்டியைப் போல நீளமாகவும் இருட்டாகவும் இருந்தது. இரண்டு பக்கமும் வெளிச்சமான கண்ணாடிகள். மீன்கள் ஜன்னலோரப் பயணிகளைப் போல வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. எங்கே பார்த்தாலும் கூட்டம். கல்யாணத்துக்குக் கிளம்பிய சொந்தக்காரர்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டும், ஒன்றின் பின்னால் ஒன்று திரும்பிக்கொண்டும் இருந்தன. பார்க்கும்போதே அவளுக்கு மூச்சு முட்டியது.

“ஊர்ல எல்லாரும் ஜோடி கேப்பாங்க. நீங்க ஏன் மேடம் ஒண்ணே ஒண்ணுன்னு நிக்கறீங்க?” என்றார் கடைக்காரர்.

“தனியா இருந்தும் நல்லா இருக்கற மீன் வேணும். வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் கண்டிப்பா உயிரோட இருக்கணும்.”

“ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்?”

“அப்புறமும் இருக்கணும். ஆனா ஞாயித்துக்கிழமை ரொம்ப முக்கியம்.”

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தை முழுக்கச் சொன்னால் இன்னும் மோசமாகப் பார்ப்பார் என்று சின்னு வாயை மூடிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். சின்னுவுக்கு வயது முப்பத்திரண்டு. அந்த வயதிலும் அவள் சின்னுவாகவே இருந்ததற்குக் காரணம் அண்ணன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன வருஷம் அவளுக்குப் பதினொன்று, அண்ணனுக்கு இருபத்து நாலு. அன்றைக்குச் சாலையைக் கடக்கப் பிடித்த அவளுடைய மணிக்கட்டை அண்ணன் அதன் பிறகு விடவே இல்லை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது, இவள் படித்து முடித்து வேலைக்குப் போனாள், அப்போதும் விடவில்லை. போதாததற்கு அண்ணனின் வேலை லிஃப்ட் பரிசோதனை. கட்டடம் கட்டடமாக ஏறி, கம்பி அறுந்தால் என்ன ஆகும், கதவு சிக்கினால் என்ன ஆகும் என்று பயப்படுவதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் அதையே இலவசமாகச் செய்தார்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் சின்னு தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். மூன்றாவது மாடி, ஒரு ஜன்னல், குட்டிப் பால்கனி, ஒரு சோஃபா, ஒரு மேஜை. நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்து படிக்கும் வேற்று நாட்டு நாவல்களில், பெண்கள் இப்படித்தான் ஓர் அறையில் இருப்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்ப்பார்கள். இவளுடைய ஜன்னலுக்கு வெளியே பனி இல்லை, எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்தான் இருந்தது. பரவாயில்லை. சாப்பிடும்போது புத்தகம் படிக்கலாம். ‘என்ன யோசிக்கறே?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

“ஒரு மாசம்,” என்று கெடு வைத்திருந்தார் அண்ணன். “நாலாவது ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன். ஏதாவது ஒண்ணு சரியில்லைன்னாலும் பெட்டியைக் கட்டிடணும்.”

மீன் யோசனை அண்ணியுடையது.

“உயிருள்ள ஒண்ணை ஒரு வாரம் உயிரோட வெச்சுக் காட்டு சின்னு. அது போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்,” என்று போனில் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். “ஒரு மீன் வாங்கு. நாலஞ்சு வாங்கிடாதே. ஒண்ணு குறைஞ்சாலும் உங்க அண்ணன் எண்ணிக் கண்டுபிடிச்சிடுவார். தனியா இருக்கற மீனாப் பாரு.”

அதனால்தான் சின்னு ஒவ்வொரு தொட்டியாக நகர்ந்துகொண்டிருந்தாள். கல்லாவுக்குப் பின்னால், ஓர் அலமாரியில், தனித்தனிக் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக இருந்தன. குடுவைக்கு ஒரு மீன். நடுநடுவே அட்டை செருகியிருந்தது.

“அதெல்லாம் என்ன?”

“சண்டை மீன். அட்டையை எடுத்தா ஒண்ணையொண்ணு பார்த்து முறைச்சே களைச்சுப் போயிடும்.”

“தனியா இருக்குமா?”

“தனியாத்தான் இருக்கும். துணைன்னு இன்னொண்ணை விட்டா, கடைசியில ஒண்ணுதான் மிஞ்சும்.”

சின்னுவின் நெஞ்சு குளிர்ந்தது. கருநீல மீன் ஒன்று அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு, ‘இருக்கட்டும், அதற்கென்ன இப்போது’ என்பதுபோல முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

“அது சந்தோஷமா இருக்குமா?”

“மேடம், என் சம்சாரம் சந்தோஷமா இருக்காளான்னே இருபது வருஷமா எனக்குத் தெரியலை. நீங்க மீனைக் கேக்கறீங்க.” கடைக்காரர் ஒரு தொட்டியையும் மூடியையும் உணவுப் பொட்டலத்தையும் எடுத்து வைத்தார். “ஒரு வேளைக்கு மூணு உருண்டை. மூணுதான். தொட்டியை மூடி வைங்க, குதிக்கும். சந்தேகம்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க.”

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னதற்காக அந்த வாரம் முழுவதும் அவர் வருத்தப்பட்டார்.

அறையில் தொட்டி நான்கு முறை இடம் மாறியது. ஜன்னலோரம் வெயில் படும். அடுப்போரம் சூடு. கதவோரம் காற்று. கடைசியில் மேஜைமேல் வைத்து, புத்தகங்களைத் தரையில் அடுக்கினாள். மீன் தொட்டிக்குள் இறங்கியது. இறங்கியது என்றால் இறங்கியேவிட்டது. தலையிலிருந்து அவிழ்ந்து விழுந்த ரிப்பனைப் போல அடியில் போய்க் கிடந்தது.

“சார், நான்தான். காலைல மீன் வாங்கினேனே. அது கீழேயே கிடக்குது.”

“புது இடம் மேடம். நீங்க புது வீட்டுக்குப் போன முதல் நாள் ஆடிப் பாடினீங்களா?”

இல்லை. முதல் நாள் அவள் தோள்பையைக்கூட இறக்காமல் இரண்டு மணிநேரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அது கடைக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஏழு மணிக்கு அண்ணன் கூப்பிட்டார்.

“மீன் வாங்கினியாமே. சாப்பிட்டுச்சா?”

“சாப்பிட்டுச்சு அண்ணா.” தண்ணீரின்மேல் மூன்று உருண்டைகளும் மிதந்தபடி இந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தன.

“சரி. வாஷிங் மெஷின்ல தூளை எந்தக் குழியில போடுவே?”

சின்னு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பரீட்சை தொடங்கிவிட்டது.

“நடுக் குழியில.”

“எவ்வளவு?”

“துணி பாதி இருந்தா அரை மூடி. நிறைய இருந்தா ஒரு மூடி.”

“ம்.” காகிதத்தில் பேனா கீறும் சத்தம் கேட்டது. மதிப்பெண் போடுகிறார். “மூடிங்கறது எந்த மூடி?”

“தூள் டப்பா மூடிதான் அண்ணா.”

“ம்,” என்று இன்னொரு கீறல்.

சின்னு தூள் டப்பாவை எடுத்து, அதற்கு மூடி இருக்கிறதா என்று சரிபார்த்தாள்.

மறுநாள் காலையிலும் உருண்டைகள் அப்படியே மிதந்தன. அவள் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் கூடத்தில். டாக்டர்கள் அனுப்பும் வாய் அளவுகளை வைத்து, ரோஜா நிற ஈறும் வரிசையான பற்களுமாகச் செய்து கொடுப்பார்கள். அவள் பக்கத்து மேஜைக்காரரை எல்லோரும் மெழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். மெழுகில் பல் பதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. யோசனை சொல்வதிலும் இல்லை.

“சாப்பிடலையா? வேற என்ன, ஏக்கம்தான்,” என்றார் மெழுகு, ஒரு கடைவாய்ப் பல்லை அழுத்தியபடி.

“அது ஏங்காத மீன் மெழுகு சார்.”

“ஏங்காத உயிர் உண்டா? ஒரு கண்ணாடியை எதிர்ல வை. அதையே பார்த்துத் துணை இருக்குன்னு நினைச்சுக்கும். சண்டையும் வராது, சாப்பாட்டுக்குப் பங்கும் வராது.”

சரியாகத்தான் பட்டது. செவ்வாய்க்கிழமை காலை தன் கைக்கண்ணாடியைத் தொட்டியின் மேல் சாய்த்து வைத்தாள். மீன் சட்டென்று உயிர் பெற்றது. செவுளை விரித்து, வாலை விசிறியாக்கி, இருந்ததைப் போல மூன்று மடங்கு பெரிதாகிக் கண்ணாடியை நோக்கிப் பாய்ந்தது. ‘அடேயப்பா, எவ்வளவு சந்தோஷம்!’ என்று நெகிழ்ந்துபோய் சின்னு வேலைக்குக் கிளம்பினாள்.

மாலையில் வந்து பார்த்தால், மீன் ஒருக்களித்துப் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“கண்ணாடியா?” என்று போனில் அலறினார் கடைக்காரர். “எவ்வளவு நேரம் வெச்சீங்க?”

“ஒன்பது மணிநேரம்.”

அந்தப் பக்கம் ஏதோ ஒரு டப்பா கீழே விழும் சத்தம் கேட்டது.

“மேடம். ஒன்பது மணிநேரம் ஒரு எதிரியை வீட்டு வாசல்ல நிக்க வெச்சிருக்கீங்க. அடிச்சாலும் சாகலை, திட்டினாலும் போகலை. நீங்களா இருந்தா என்ன ஆகியிருப்பீங்க?”

சின்னு கண்ணாடியை எடுத்து, அலமாரியின் அடித்தட்டில், துண்டுக்குக் கீழே குப்புறப் போட்டு வைத்தாள். அன்றைக்கு அவள் தலையைக்கூட வாரிக்கொள்ளவில்லை.

ஏழு மணிக்கு அண்ணன்.

“முட்டை வேக வெச்சு உரிக்கும்போது, ஓட்டோட வெள்ளையும் பிஞ்சு வந்தா என்ன பண்ணணும்?”

“பச்சைத் தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வெச்சு உரிக்கணும் அண்ணா.”

“ம். சட்டைக் காலர்ல அழுக்கு போகலைன்னா?”

சின்னுவிடம் காலர் வைத்த சட்டையே கிடையாது. பாடத்தில் இல்லாத கேள்வி. அண்ணன் தோற்கடிப்பதென்றே முடிவு செய்துவிட்டார்.

“சோப்பைத் தேய்ச்சு அரைமணி ஊற வெச்சுட்டு, பழைய பிரஷ்ஷால தேய்க்கணும்.”

“பல் தேய்க்கற பிரஷ்ஷா?”

“ஆமா. பழசு.”

“ம்… புதுசு இல்லை,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு, “மீன் எப்படி?”

“ரொம்ப நல்லா இருக்கு.”

“நல்லா இருக்கட்டும்,” என்று அண்ணன் பெருமூச்சு விட்டார். ஏமாற்றத்தில் விட்ட பெருமூச்சு என்று சின்னு எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் அண்ணியைக் கூப்பிட்டாள். பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் எதையோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க இருக்கீங்க அண்ணி? சத்தமா இருக்கே?”

“வேலையாத்தான். நீ மீனைச் சொல்லு. இருக்கா, போயிடுச்சா?”

“இருக்கு. ஆனா அண்ணா தினம் கேள்வி கேட்டே கொல்றார். காலர் அழுக்கெல்லாம் கேக்கறார் அண்ணி!”

“கேட்டா பொறுமையா சொல்லு சின்னு. எல்லாத்தையும் விவரமாச் சொல்லு. மீனை மட்டும் விட்டுடாதே, என் நிம்மதியே அதுலதான் இருக்கு,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அண்ணிக்குத் தன்மேல் இவ்வளவு அக்கறையா! இனி தோற்றால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது?

“ஒளிஞ்சுக்க ஒரு இடம் கொடுங்க,” என்பது கடைக்காரரின் அடுத்த உத்தரவு. “குகை மாதிரி. பயந்துபோன மீனுக்கு அதுதான் மருந்து. கடையில பானை இருக்கு, வந்து வாங்கிக்கங்க.”

கடை ஊரின் அந்தப் பக்கம். போய்வர இரண்டு மணிநேரம் ஆகும். அவ்வளவு நேரம் மீனைத் தனியாக விட முடியுமா? சின்னு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரியில், யாரும் வாங்கிக்கொள்ளாத பல் செட் ஒன்று மாதக்கணக்காக இருந்தது. செய்யச் சொன்னவர் போட்டுப் பார்த்துவிட்டு, “இதுல நான் எப்பப் பார்த்தாலும் சிரிக்கற மாதிரி இருக்கு, என் தொழிலுக்கு ஆகாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தார்.

மேல் வரிசை, கீழ் வரிசை. நடுவில் ஒரு சின்ன முட்டு கொடுத்தால் அருமையான குகை. மெழுகும் ஆமோதித்தார். “ஈறு இருக்கு, அண்ணம் இருக்கு. மழைக்குக்கூட ஒழுகாது.”

நன்றாகக் கழுவி, அன்று மாலையே தொட்டிக்குள் இறக்கினாள். மீன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. முன்பற்களைப் பார்த்தது. பிறகு வாய்க்குள் நுழைந்துகொண்டது.

வெற்றி! ஆனால் நுழைந்தது வெளியே வரவில்லை. வியாழக்கிழமை முழுவதும் வரவில்லை. தொட்டியின் அடியில் ஒரு புன்னகை மட்டும் இருந்தது. அதன் நடுவில் எப்போதாவது கருநீல வால்நுனி ஒரு நாக்கைப் போல வெளியே நீண்டு உள்ளே போனது. மூன்று உருண்டை போட்டாள். சாப்பிட்டதா என்று தெரியவில்லை. ஒருவேளை பார்க்கவில்லையோ என்று இன்னும் மூன்று. பல்லின் வாசலிலேயே விழட்டும் என்று இன்னும் மூன்று. அம்மா ஊட்டுவதைப் போல, கிளம்பும்போது மூன்று, திரும்பியதும் மூன்று, அண்ணனின் போனுக்கு முன் மூன்று, பின் மூன்று.

அண்ணன் அன்று கேட்டது: “தனியா சாப்பிடும்போது, மிச்சம் ஆகாம சமைக்கறது எப்படி?”

“மிச்சம் ஆகத்தான் ஆகும் அண்ணா. கொஞ்ச நாள்ல பழகிடும்,” என்றாள்.

இந்த முறை பேனாச் சத்தம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியிருந்தது. மீன் மேலே மிதந்தது. வயிறு புடைத்து, திருப்தியும் அவஸ்தையும் கலந்த முகத்தோடு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“எத்தனை உருண்டை போட்டீங்க?” என்றார் கடைக்காரர். இப்போதெல்லாம் அவர் ஹலோ சொல்வதில்லை.

“மூணுதான்.” கொஞ்சம் யோசித்தாள். “மூணு மூணா.”

“எத்தனை மூணு?”

“ஒரு ஏழெட்டு மூணு இருக்கும்.”

“மேடம், அதோட வயிறு அதோட கண்ணளவுதான்! மூணு பாகம் பண்ணி, ஒரு பாகம் தண்ணியை மாத்துங்க. ஒரேயடியா மாத்திடாதீங்க. ரெண்டு நாள் பட்டினி. கிட்டப் போகாதீங்க. தொடாதீங்க. பேசாதீங்க. அதைக் கொஞ்சம் தனியா விடுங்க மேடம், தனியா இருக்கற மீன்தானே கேட்டு வாங்கினீங்க?”

சின்னு தண்ணீரை மாற்றினாள். தனியாகத்தான் விட முடியவில்லை. வேலைக்குப் போயிருக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்? ஜாம் பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு மீனை எடுத்துக்கொண்டு, பாட்டிலை மடியில் வைத்து, பஸ்ஸில் போனாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் பக்கத்து இருக்கைக்காரர் அவளைப் பிடித்தார், அவள் பாட்டிலைப் பிடித்தாள்.

மெழுகு பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, துணை வேண்டாத மீன்தானே இது?”

“ஆமா.”

“அப்போ யாருக்குத் துணையா இதைத் தூக்கிட்டு வந்தே?”

சின்னு பல் அச்சுகளுக்கு நடுவில் பாட்டிலுக்கு இடம் ஒதுக்கினாள். அன்று அவள் செய்த பல் வரிசையில் இடதுபக்கம் ஒரு பல் கூடுதலாக இருந்ததாகப் பின்னால் புகார் வந்தது.

சனிக்கிழமை அவள் விடுமுறை எடுத்தாள். மீனும் பட்டினி, அவளும் பட்டினி. தொட்டியிலிருந்து நான்கடி தள்ளி நாற்காலியைப் போட்டு, படிப்பதுபோல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் ஒரு பெண் பனி பெய்யும் ஊரில் தனியாக இருந்தாள். அவளுக்கு மீன் இல்லை. அதிர்ஷ்டக்காரி.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன அண்ணன் பத்து மணிக்கே கதவைத் தட்டினார். தனியாகத்தான் வந்திருந்தார். சட்டைக் காலர் வெள்ளையாக இருந்தது. மற்ற இடமெல்லாம் ஒருமாதிரி கசங்கியிருந்தது.

“அண்ணி வரலையா?”

“அவளுக்கு வேலை,” என்று மூச்சிரைத்தார். “லிஃப்ட் இல்லையா இந்தக் கட்டடத்துல?”

“இல்லை அண்ணா.”

“நல்லது. அறுந்து விழறதுக்கு ஒண்ணும் இல்லை.”

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஜன்னல் தாழ்ப்பாளைப் பார்த்தார். அடுப்பின் குழாயை முகர்ந்தார். குளியலறையில் வெந்நீர் வருகிறதா என்று கையை நீட்டி, வந்ததும் கொஞ்ச நேரம் கையை அதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சோஃபாவுக்கும் சுவருக்கும் நடுவே நாடாவைப் பிடித்தார். தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா என்று பார்க்கிறார் போல.

“இது விரிச்சா படுக்கையாகுமா?”

“ஆகும் அண்ணா.”

“ஒடுங்கிப் படுக்க வேண்டாமே? காலை நீட்டலாமா?”

“தாராளமா நீட்டலாம்.”

“ம்.” பீரோவைத் திறந்தார். “பாதி காலியா இருக்கே?”

“எனக்கு அவ்வளவுதான் துணி.”

“நல்லது, நல்லது,” என்று மூடினார். எல்லாவற்றுக்கும் நல்லது சொல்கிறார். சின்னுவுக்கு நம்பிக்கை துளிர்த்தது. அப்போதுதான் அவர் மேஜைப் பக்கம் திரும்பினார்.

தெளிந்த தண்ணீருக்கடியில் முப்பத்திரண்டு பற்களும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

“யாரோட பல்லு இது?”

“யாரோடதும் இல்லை அண்ணா. வீடு. மீனோட வீடு.”

“மீன் எங்கே?”

“உள்ளே.”

அண்ணன் குனிந்து பார்த்தார். சின்னுவும் குனிந்தாள். வால் தெரியவில்லை. காலையிலிருந்தே தெரியவில்லை. ஓர் அசைவும் இல்லை.

“உள்ளே யாரும் இருக்கற மாதிரி தெரியலையே சின்னு.”

“தூங்கும். லேட்டாத்தான் எழுந்திருக்கும்.”

“உண்மையைச் சொல்லு. மீன் இருக்கா?” அண்ணனின் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குவதாக அவளுக்குப் பட்டது. “நீ அதைக் காப்பாத்தினியா இல்லையா? எனக்கு அது தெரியணும்.”

சின்னு மூடியைத் திறந்தாள். இருபத்தொரு வருஷத்துப் பயமும் விரல்களுக்கு வந்துவிட, மேல் வரிசையை மெல்லத் தூக்கினாள். கீழ்த்தாடையில், நாக்கு இருக்க வேண்டிய இடத்தில், மீன் கிடந்தது. கருநீலமாக, மெலிந்து, அசையாமல்.

அண்ணன் கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோனார். மூக்கு கண்ணாடியில் ஒட்டியது.

மீன் வெடித்தது. செவுள் விரிய, வால் விரிய, அந்த மூக்கை நோக்கி அம்பாகப் பாய்ந்து கண்ணாடியில் டொக்கென்று மோதியது. அண்ணன் “ஐயோ!” என்று பின்னால் சாய்ந்து, சரியாக சோஃபாவில் விழுந்தார்.

“இருக்கு!” என்றாள் சின்னு. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “அண்ணா, இருக்கு பாருங்க!”

“இருக்கு,” என்றார் அண்ணன் நெஞ்சைத் தடவிக்கொண்டே. “நல்லாவே இருக்கு. கோவக்காரன்.” எழுந்திருக்காமல் அங்கிருந்தே பார்த்தார். மீன் மூன்று முறை உலா வந்து, சின்னு போட்ட ஓர் உருண்டையை விழுங்கி, முதுகைக் காட்டியது. “எப்பவும் தனியாத்தான் இருக்குமா?”

“ஆமா அண்ணா. அதுக்கு யாரும் வேண்டாம்.”

அண்ணன் எழுந்து, கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“கொடுத்து வெச்சது,” என்றார். பிறகு அவள் தலையில் கை வைத்தார். “நீ பெரியவளாயிட்டே சின்னு. எந்தக் குறையும் சொல்றதுக்கில்லை. இந்த வீட்டுல ஒரு உயிர் தைரியமா இருக்கலாம்.”

சின்னுவுக்குக் கண் மங்கியது. முடிந்தது. அறை அவளுடையது. இன்று மாலை மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், விளக்கணைக்கும் நேரம் வரை சாப்பிடுவாள்.

அண்ணன் பால்கனிக்குப் போய் நின்றார். கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“சின்னு…”

“என்ன அண்ணா?”

“ஒண்ணுமில்லை. கம்பி உறுதியாத்தான் இருக்கு.” கீழே தெருவைப் பார்த்தார். மறுபடி செருமினார்.

போன் அடித்தது. அண்ணி. சின்னு ஓடிப்போய் எடுத்தாள்.

“அண்ணி! மீன் உயிரோட இருக்கு! அண்ணாவே பார்த்துட்டார், ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிட்டார்!”

“அப்பாடா, என் வயித்துல பாலை வார்த்தே! எனக்கு வெளியூருக்கு மாத்தலாகி வந்து பத்து நாளாச்சு சின்னு, உங்க அண்ணனையும் தனியா விட்டுப் பார்த்தேன், மனுஷன் தாங்கலை; அவர் பெட்டி படுக்கையெல்லாம் கீழே கார்லதான் இருக்கு, உன்கிட்ட கேக்கத்தான் காலைலேர்ந்து கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கறார்!”